கல்விக்கொடை – 7: ஜாம்ஷெட்ஜி கொடுத்த கடன்

பருத்தி மில்களில் சம்பாதித்த ஜாம்ஷெட்ஜி டாடா 1892-ல் பம்பாயில் ஒரு கல்வி நிதியைத் தொடங்கினார். வெளிநாடு போய் மேற்படிப்புப் படிக்க விரும்புகிறவர்களுக்கு அதிலிருந்து பணம் கிடைக்கும். ஆனால் இனாமாக அல்ல, கடனாக. படித்து முடித்து, கையில் நாலு காசு புரள ஆரம்பித்ததும் திருப்பிக் கட்டிவிட வேண்டும்.

இவ்வளவு பெரிய பணக்காரர் இதிலுமா கணக்குப் பார்ப்பார் என்று கேட்கத் தோன்றும். கணக்குத்தான் பார்த்தார். திரும்பி வரும் பணம் அடுத்த மாணவரைக் கப்பலேற்றும். வாங்கியவருக்கோ யாருடைய தயவிலோ படித்தோம் என்ற கூச்சம் இல்லை. கைகட்டி நன்றி சொல்லிக்கொண்டிருக்கவும் வேண்டாம், பாக்கியைக் கட்டினால் போதும். இதுவரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்த நிதியால் படித்திருக்கிறார்கள். நான் பார்த்த பல அறக்கட்டளை விழாக்களில் மாணவர்களை மேடையேற்றி, காசோலையைப் பிடிக்கச் சொல்லிப் படம் எடுப்பார்கள். அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால் டாடாவின் கடனே மேல் என்று தோன்றும்.

முதலில் பார்சிகளுக்கு மட்டும் என்றிருந்த நிதி, 1894-ல் எல்லா இந்தியர்களுக்கும் திறந்துவிடப்பட்டது. முதன்முதலில் உதவி பெற்ற இருவருமே பெண்கள். ஃப்ரேனி காமா, கிருஷ்ணாபாய் கேளவ்கர் என்ற அந்த இருவரும் மருத்துவர்கள். பெண் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று கேட்ட காலம் அது.

அப்போது ஐ.சி.எஸ். தேர்வு லண்டனில்தான் நடக்கும். இந்தியாவிலும் நடத்துங்கள் என்று காங்கிரஸ் 1885-லேயே தீர்மானம் போட்டது. வெள்ளைக்கார அரசு 1922 வரை இழுத்தடித்தது. இடைப்பட்ட காலத்தில், கப்பல் கட்டணத்துக்கும் லண்டன் செலவுக்கும் வழியுள்ளவருக்கே கலெக்டர் கனவு. அந்த வழியைப் பலருக்கு டாடா நிதி அமைத்துக் கொடுத்தது. 1924 வாக்கில் ஐ.சி.எஸ்.ஸில் இருந்த இந்தியர்களில் ஐந்தில் இருவர் டாடா பணத்தில் படித்தவர்கள் என்பார்கள். தன் ஆலைக்கு 'சுதேசி மில்' என்று பெயர் வைத்தவரின் காசில் பிரிட்டிஷ் சர்க்காருக்கு அதிகாரிகள் உருவானது வேடிக்கைதான்.

ஏழைகளுக்குச் சோறும் துணியும் தருவதைவிட, திறமைசாலிகளைத் தேடிப்பிடித்து உயர்த்துவதே நாட்டுக்குப் பெரிய உதவி என்பது ஜாம்ஷெட்ஜியின் கட்சி. இதை என்னால் முழுசாக ஏற்க முடியவில்லை. திறமை கண்ணில் படுவதற்கே ஒருவன் ஏதோ ஒரு படி ஏறியிருக்க வேண்டுமே?

கே.ஆர். நாராயணனையே எடுத்துக்கொள்வோம். கோட்டயம் பக்கம் உழவூரில், தலித் குடும்பத்தில் பிறந்தவர். தினமும் 15 கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கூடம் போனார். ஃபீஸ் பாக்கி என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தினால், அங்கே நின்றபடியே பாடம் கேட்டார். புத்தகம் வாங்கக் காசில்லை. அண்ணன் இரவல் வாங்கி, கையால் எழுதிக் கொடுத்தார். கோட்டயம் சி.எம்.எஸ். கல்லூரியில் இன்டர்மீடியட் படிக்க திருவாங்கூர் அரச குடும்பத்தின் உதவித்தொகை கிடைத்தது. பிறகு திருவாங்கூர் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதலிடம். 1945-ல் டாடா நிதி அவரை லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு அனுப்பியது. அங்கே அரசியல் அறிஞர் ஹெரால்டு லாஸ்கியிடம் படித்தார். 1997-ல் குடியரசுத் தலைவரானார்.

டாடா நிதியின் பெருமைக்கு இவரைத்தான் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் டாடாவின் தேர்வுக்குழு பார்த்தது முதலிடம் வாங்கிய பட்டதாரியை. அந்தப் பட்டம் வரைக்கும் அவரைத் தூக்கிவந்தது அண்ணனின் கையெழுத்தும் திருவாங்கூர்க் காசும். வெளியே நிறுத்தப்பட்ட அன்றே வீட்டுக்குத் திரும்பிப் போன பையன்கள் எந்தத் தேர்வுக்குழுவின் முன்னும் வந்ததில்லை.

நாராயணனுக்கு முன்பே, கொடைக்கு வேறொரு விலை கேட்டவர்களும் உண்டு. 1913-ல் பரோடா மகாராஜா சயாஜிராவ், ஓர் இளைஞரை மாதம் பதினொன்றரை பவுண்டு உதவித்தொகையில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். படித்துவிட்டு வந்து பத்து வருஷம் பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று பத்திரத்தில் கையெழுத்து. கையெழுத்துப் போட்டவர் பீமராவ் அம்பேத்கர். 1917-ல் அவர் பரோடா போய் இறங்கியபோது, தங்க ஒரு இடம் கொடுக்க அந்த ஊரில் ஆளில்லை. அது அடுத்த வாரம்.

(தொடரும்)