நெகட்டிவ் மார்க்: பயப்பட வேண்டியது எவ்வளவு?

ஐ.ஐ.டி.கள் நடத்தும் ஜாம் தேர்வுக்கான விண்ணப்பம் வழக்கமாகச் செப்டம்பரில் திறந்து அக்டோபரில் மூடிவிடும். அதனால் இந்த வாரக் கடிதங்களில் பெரும்பகுதி எம்.எஸ்சி. கணிதம் பற்றியே. ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியிலிருந்து ஒரு தாயார், “சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால் இத்தனை கல்லூரிகள், இதற்கு எதற்கு நுழைவுத் தேர்வு?” என்று கேட்டிருக்கிறார். நகரக் கல்லூரிகளில் பெரும்பாலும் இளநிலை மதிப்பெண்தான் பேசும். துவாக்குடி என்.ஐ.டி.க்கு ஜாம் வேண்டும். திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு கியூட் முதுநிலைத் தேர்வு. இதைப் ‘பொது’த் தேர்வு என்கிறார்கள், கணித வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும் வரும் அளவுக்குப் பொது. ஜாம் ஆங்கிலத்தில் மட்டுமே.

கடிதம் எழுதிய மாணவர்களை அதிகம் பயமுறுத்துவது நெகட்டிவ் மார்க். “தெரியாத கேள்வியைத் தொடாதே என்கிறார்களே, சரியா?” கணக்குப் படிப்பவர்களுக்கு வைக்கும் தேர்வின் கணக்கை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை என்பது விந்தைதான்.

ஜாமில் 60 கேள்விகள், 100 மதிப்பெண், 3 மணி நேரம். முதல் பகுதியில் நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் 30 கேள்விகள், 50 மதிப்பெண். ஒரு மதிப்பெண் கேள்வியில் தவறினால் மூன்றில் ஒரு பங்கு போகும். இரண்டு மதிப்பெண் கேள்வியில் மூன்றில் இரண்டு. இங்கி பிங்கி பாங்கி போட்டு நான்கு ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு விடை குறித்தால் சராசரியாக ஒன்று சரியாகும், மூன்று தவறும். வந்தது 1, போனதும் 1. மிச்சம் பூஜ்யம். குருட்டாம்போக்கைத் தண்டிக்கிறோம் என்ற பேச்சு பாதி உண்மை: லாபம் தராமல் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவே. நான்கில் ஒரு விடை நிச்சயம் தவறு என்று தள்ளிவிட முடிந்தால், மீதி மூன்றில் ஒன்றைக் குறிப்பது சராசரியில் லாபம். அதிர்ஷ்டம் காலை வாரினால் மைனஸிலும் போகலாம். சராசரி யாருக்கும் உத்தரவாதம் தருவதில்லை.

கியூட்டில் 75 கேள்விகள், 300 மதிப்பெண். சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. அதே நான்கு கேள்விகளை எடுத்துக்கொள்ளுங்கள்: வந்தது 4, போனது 3. ஒன்றுமே தெரியாதவர் 75 கேள்விகளையும் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாகக் கிட்டத்தட்ட 19 மதிப்பெண் கிடைக்கும். நெகட்டிவ் மார்க் என்று பெயர். குறித்தவருக்குப் பரிசு, பயந்து விட்டவருக்கு அபராதம். கட்-ஆஃப் பக்கத்தில் ஒரு மதிப்பெண்ணுக்குள் பலர் நெருக்கியடிக்கும்போது இந்தப் பத்தொன்பது சின்ன விஷயமல்ல. நேர்மையாக விட்டுவிட்டு வரும் மாணவிதான் நட்டப்படுகிறாள்.

ஜாமின் மற்ற 50 மதிப்பெண்ணில் குறைப்பே கிடையாது. அதில் 10 கேள்விகளில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் சரியாக இருக்கலாம். அத்தனையையும் குறித்தால்தான் 2 மதிப்பெண், ஒன்று விட்டாலும் பூஜ்யம். நான்கு விருப்பங்களுக்கு 15 சேர்க்கைகள், ஆகவே ஊகம் எடுபடாது. ஆனாலும் காலியாக விடுவதில் லாபமில்லை. மீதி 20 கேள்விகளுக்கு எண்ணைத் தட்டச்சு செய்ய வேண்டும். பயிற்சி வகுப்புத் தந்திரங்களுக்கு மசியாத பகுதி இதுதான். என்னைக் கேட்டால் தாள் முழுக்க இப்படியே இருக்கலாம்.

மற்ற கேள்விகள்:

கடைசி ஆண்டு படிப்பவர் எழுதலாமா? எழுதலாம்.

வயது வரம்பு? ஜாமுக்கு இல்லை.

கால்குலேட்டர்? கொண்டுபோக முடியாது, திரையிலேயே ஒன்று இருக்கும்.

இந்த ஆண்டு மதிப்பெண் அடுத்த ஆண்டுக்கு? செல்லாது.

எம்.எஸ்சி. முடித்ததும் அரசுப் பள்ளி ஆசிரியர் ஆகலாமா? பி.எட்.டும் வேண்டும், ஆசிரியர் தேர்வு வாரியத் தேர்வும் எழுத வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஜாம் எழுதிவிட்டால் துவாக்குடியிலிருந்து அழைப்பு வரும் என்று காத்திருக்காதீர்கள். முடிவு வந்தபின் என்.ஐ.டி.களுக்கான சி.சி.எம்.என். கலந்தாய்வில் தனியாகப் பதிய வேண்டும்; அந்தத் தேதியையும் இப்போதே கவனத்தில் வையுங்கள்.