வழி நெடுகக் கதை

2007ஆம் ஆண்டு அமெரிக்காவின் வேர்மொண்ட் மாநிலத்திலே, மொன்ற்பீலியர் நகரில், ஆன் பேர்கசன் என்ற பெண்மணி ஒரு புதுமை செய்தார். படக்கதைப் புத்தகத்தைத் தாள் தாளாகப் பிரித்து, ஈரம் படாதபடி உறையிட்டு, தடிகளில் பொருத்தி நடைபாதை ஓரமாக நட்டார். ஊர் நூலகமும் கைகொடுத்தது. ஒரு பக்கத்தை வாசித்ததும் அடுத்ததற்கு நடக்க வேண்டும். பெரியவர்களையும் நடக்க வைப்பதே அவரது நோக்கம். பிள்ளை முன்னே ஓடினால் தாய் தகப்பன் பின்னே போகத்தானே வேண்டும்!

தாளின் இருபுறமும் அச்சிருப்பதால் இரண்டு பிரதிகள் தேவை. புத்தகத்தைப் பிரிப்பதா என்று எங்களுக்கும் மனம் கூசியது. ஆனால் இடம்பெயர்ந்து வந்த இடத்தில் புத்தகத்துக்கு எங்கே போவது? பிள்ளைகளே வரைந்த படங்கள் போதும். பொலித்தீன் பையிலிட்டு, பிள்ளையின் கண்ணுக்கு நேராக ஒழுங்கை வேலியிலே கட்டலாம். எழுத்தறியாத அம்மம்மாவும் படத்தைப் பார்த்துக் கதை சொல்வார்.

ஒன்றை மறக்க வேண்டாம். இது பிள்ளை முன்னே ஓடும் விளையாட்டு. மிதிவெடி அகற்றி முடியாத பகுதிகள் வடக்கில் இன்னும் உண்டு. ஆகவே தடி நட மண்ணைக் கிண்டாதீர்கள். அகற்றியாயிற்று என்று உறுதியான, நாளாந்தம் புழங்கும் பாதையிலேயே படங்களைக் கட்டுங்கள். கடைசிப் படம் கிணற்றடியில் இருந்தால் தண்ணீரும் அள்ளி வரலாம்.