பிரிந்த பின்பும் அப்பா, அம்மா

கணவனும் மனைவியும் பிரிகிறார்கள். கோர்ட்டில் விவாகரத்து ஆகிவிட்டது. இனி அவர்கள் கணவன் மனைவி இல்லை. ஆனால் பிள்ளைக்கு அவர்கள் இன்னும் அப்பா, அம்மாதான். அந்த உறவை விவாகரத்து வெட்டுவதில்லை.

கல்யாண், தாராவி, செம்பூர் பக்கம் நம் குடும்பங்களில் இரண்டு பேச்சைக் கேட்கிறோம்.

"நீ பணம் தரவில்லை. பிள்ளையைக் கண்ணில் காட்டமாட்டேன்" என்பார் தாய்.

"நீ பிள்ளையைக் காட்டவில்லை. ஒரு பைசா தரமாட்டேன்" என்பார் தகப்பன்.

சண்டை பெரியவர்களுக்குள். பசிப்பதும் ஏங்குவதும் பிள்ளைக்கு. இந்த இரண்டு பேச்சையும் சட்டம் ஏற்பதில்லை. ஏன் என்று பார்ப்போம்.

பிள்ளை யாரிடம் இருக்கும்?

1956ஆம் ஆண்டில் இந்துக்களுக்கு ஒரு சட்டம் வந்தது. ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. அதற்கு மேல் வயது என்றால்? ஆண் பிள்ளை தகப்பனுக்கு, பெண் பிள்ளை தாய்க்கு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் சட்டத்தில் அப்படி இல்லை. பணம் உள்ளவருக்கே பிள்ளை என்றும் இல்லை.

மற்ற மதத்தாருக்கு வேறு சட்டங்கள் உண்டு. ஆனால் எந்த மதமானாலும் கோர்ட் முக்கியமாகப் பார்ப்பது ஒன்றுதான். பிள்ளைக்கு எது நல்லது? யார் அதைக் கவனித்து வருகிறார்? அதன் பள்ளி எங்கே? வீட்டில் குடி, அடி உதை உண்டா? விவரம் தெரிந்த வயது என்றால், பிள்ளையின் விருப்பத்தையும் நீதிபதி கேட்பார்.

இந்த உத்தரவு என்றென்றைக்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டியதில்லை. நிலைமை மாறினால் மனுப் போடலாம். கோர்ட் உத்தரவை மாற்றலாம்.

பார்க்க வரும் உரிமை

பிள்ளை ஒருவரிடம் வளரும். மற்றவர் வந்து பார்க்கலாம். எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று கோர்ட் எழுதிக் கொடுக்கும். விடுமுறையில் சில நாள் கூட்டிப் போகவும் அனுமதி தரலாம். அப்பா கல்யாணில் இருக்கிறார், அம்மா பிள்ளையோடு திருநெல்வேலிக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது போனில் பேசவும், வீடியோவில் பார்க்கவும் வழி செய்யலாம். பிள்ளைக்கு இருவர் அன்பும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020இல் சொல்லியிருக்கிறது.

வருகிறவர் குடித்துவிட்டு வருவார், அடிப்பார் என்ற பயம் இருக்கிறதா? அதைக் கோர்ட்டில் சொல்லுங்கள். வேறு ஒருவர் முன்னிலையில் மட்டுமே பார்க்கலாம் என்று கோர்ட் உத்தரவு போட முடியும். பிள்ளைக்கு உடனே ஆபத்து என்றால் 1098க்கு போன் செய்யுங்கள். அது குழந்தைகளுக்கான உதவி எண்.

பிள்ளையின் செலவுக்குப் பணம்

நம் மகாராஷ்டிராவில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். 2013இல் ஒரு தாய் தனக்கும் கைக்குழந்தைக்கும் பணம் கேட்டு மனுப் போட்டார். நாக்பூர் குடும்ப நீதிமன்றம் 2015இல் உத்தரவு போட்டது. மகனுக்கு மட்டும் முதலில் மாதம் 5,000 ரூபாய். பிறகு மாதம் 10,000 ரூபாய். தகப்பன் உச்ச நீதிமன்றம் வரை போனார். அங்கும் உத்தரவு மாறவில்லை.

அந்த வழக்கில் 2020 நவம்பர் 4 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதற்கும் சில விதிகளைச் சொன்னது. இரண்டு பேரும் தங்கள் வருமானத்தையும் சொத்தையும் சத்தியம் செய்து எழுதிக் கொடுக்க வேண்டும். மனுப் போட்ட நாளில் இருந்தே பணம் தர வேண்டும். வழக்கு இழுத்தாலும் அந்த நாட்களின் பணம் போய்விடாது.

இப்படிப் பணம் கேட்கும் சட்டப் பிரிவை முன்பு 125 என்பார்கள். 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் அது 144ஆம் பிரிவு. எல்லா மதத்தாருக்கும் இது உண்டு. பணம் கட்டாவிட்டால் வாரண்ட் வரும். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை ஜெயில் கிடைக்கலாம். ஜெயிலுக்குப் போனாலும் பாக்கி தீராது. பாக்கியை வசூலிக்க ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். இதை மறக்காதீர்கள்.

கையெழுத்து யார் போடுவது?

எழுத்தாளர் கீதா ஹரிஹரன் தம் மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விரும்பினார். காப்பாளர் என்று தாமே கையெழுத்துப் போட்டார். வங்கி ஏற்கவில்லை. தகப்பன் கையெழுத்து வேண்டும் என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1999இல் தீர்ப்பு வந்தது. தகப்பன் பிள்ளையைக் கவனிக்காமல் இருந்தாலோ, தாயின் பொறுப்பிலேயே பிள்ளை இருந்தாலோ, தாயே காப்பாளராக இருக்கலாம். தகப்பன் இறந்த பிறகுதான் என்று இல்லை.

எங்கே போவது?

தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மக்களுக்குப் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸில் குடும்ப நீதிமன்றம் இருக்கிறது. கல்யாண் தாணே மாவட்டத்தில் சேர்ந்தது. அதனால் கல்யாண்காரர்கள் கல்யாண் கோர்ட்டில் இலவச சட்ட உதவி எங்கே என்று கேளுங்கள். மனுவை எங்கே போடுவது என்று அங்கே சொல்வார்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம். 15100 என்ற எண்ணுக்கு போன் செய்தும் கேட்கலாம். ஊருக்குப் போய்விட்ட தாய், தான் இருக்கும் ஊரிலேயே பணம் கேட்டு மனுப் போடலாம்.

பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, பள்ளிக் கட்டண ரசீது, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். பணம் தருகிறவர் கையில் கொடுக்காமல் பேங்க் மூலம் அனுப்புங்கள். அப்போது இரண்டு பேரிடமும் கணக்கு இருக்கும்.

பணம் வராவிட்டால் பணத்துக்கு மனுப் போடுங்கள். பிள்ளையைக் காட்டாவிட்டால் அதற்குத் தனி மனுப் போடுங்கள். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்தாதீர்கள். சோறும் பிள்ளைக்கு வேண்டும். அப்பா, அம்மா முகமும் வேண்டும்.

கலந்து பேசுவோம்

1. ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை சாதாரணமாக யாரிடம் இருக்கும்?
2. பணம் தராத தகப்பன் பிள்ளையைப் பார்க்க வந்தால் என்ன செய்ய வேண்டும்?
3. உங்கள் பகுதியில் இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கிறது? விசாரித்து எழுதுங்கள்.