எந்த மீனுக்கு என்று சொல்லி வாங்குங்கள்

சியாட்டல் பக்கம் வேலைக்கு வந்த மூன்றாவது கோடையில் முதல் தூண்டில் கோலை வாங்கினேன். கடைச் சுவர் நெடுகக் கோல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். "கோகனி மீனுக்கு வேண்டும்" என்றேன். "அதுவும் சால்மன்தானே" என்று சொல்லி, விற்பனையாளர் ஒரு சால்மன் கோலையும் அதற்கேற்ற பெரிய ரீலையும் எடுத்துக் கொடுத்தார். உறுதியான கோல். பிடித்துப் பார்த்தாலே நம்பிக்கை வந்தது. அந்த வாரக் கடைசியில் ஏரியில் ஆறு மீன்கள் கொத்தின. ஆறும் படகுக்கு வருமுன்னே கழன்றுபோயின. ஆறாவது மீன் நீர்ப்பரப்பில் ஒருமுறை வெள்ளியாகப் புரண்டு மறைந்தபோது, முள்ளில் அதன் உதட்டுத் தோல் ஒரு துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. மீன் போனதைவிட அந்தத் துணுக்குதான் என்னை உறுத்தியது. கிழிந்த வாயோடு அது எப்படி இரை எடுக்கும்?

கடைக்குத் திரும்பிப் போனேன். "பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்றார்கள். கோகனிக்கு என்று கேட்டு வாங்கியதற்கு என்னிடம் எந்தச் சான்றும் இல்லை. பேசாமல் வந்துவிட்டேன். அப்படி வந்திருக்க வேண்டியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கோகனி என்பது கடலுக்கே போகாத சாக்கை சால்மன். ஏரியிலேயே வளர்ந்து, பெரும்பாலும் மூன்று நான்கு வயதில் இலையுதிர் காலத்தில் உடல் சிவந்து, முட்டையிட்டு இறந்துவிடும். பெயரே சேலிஷ் பழங்குடி மொழிகளிலிருந்து வந்தது. சிவப்பு மீன் என்று பொருள் சொல்வார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஒகனாகன், வாஷிங்டனின் ஷெலான், ஐடஹோவின் பாண்டரே, ஒரிகனின் ஓடெல், கலிபோர்னியா எல்லையிலுள்ள டாஹோ என்று மேற்கு மலைநாட்டு ஏரிகள் பலவற்றில் இருக்கிறது. ஒரிகனின் வலாவா ஏரியில் 2010-ல் 9 பவுண்டுக்கு மேல் ஒன்று கிடைத்தது. அது உலகச் சாதனை. நமக்குக் கிடைப்பது ஒன்று இரண்டு பவுண்டுதான்.

இந்த மீனின் முக்கிய உணவு தண்ணீரில் மிதக்கும் மிகச் சிறிய விலங்குகள். எலும்பை நொறுக்கித் தின்னும் வாய் இதற்குத் தேவைப்படவில்லை. அதனால் வாயோரம் காகிதம் போல மெல்லியது. ஆனால் முள் தைத்ததும் இந்தச் சிறு மீன் சுழன்று, துள்ளி, படகை நோக்கியே பாய்ந்து போராடும். மெல்லிய வாயும் மூர்க்கமான துள்ளலும் ஒன்றாக இருப்பதால்தான் இதற்குத் தனிக் கோல் தேவைப்படுகிறது. பெரிய சால்மனுக்கான விறைத்த கோல், மீனின் ஒவ்வொரு துள்ளலையும் நேராக அந்த வாய்த்தோலின் மேலேயே இறக்கும்.

கோலில் பார்க்க வேண்டியது நீளமும் வளைவும். 7 முதல் 9 அடி வரை சரி. கைப்பிடிக்கு மேலே சிறிய எழுத்தில் சில விவரங்கள் அச்சிட்டிருக்கும். ஃபாஸ்ட் ஆக்‌ஷன் என்றிருந்தால் நுனி மட்டும் வளையும், அது வேண்டாம். மாடரேட் அல்லது ஸ்லோ என்றிருந்தால் நடுக்கோல் வரை வளையும். வலு லைட் அல்லது அல்ட்ராலைட், தூண்டில் நரம்பின் தாங்குதிறன் 4-10 அல்லது 6-12 பவுண்டு என்று இருக்க வேண்டும். கண்ணாடி இழைக் கோலும், கண்ணாடி இழை கலந்த கார்பன் கோலும் இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். விலை ஏறஏறக் கிடைப்பது பெரும்பாலும் எடை குறைந்த, விறைப்பான கார்பன். கோகனிக்கு அந்தக் கூடுதல் விறைப்பு பயன்படாது. அதற்காகக் காசு கொடுக்காதீர்கள்.

வளைவு ஏன் இவ்வளவு முக்கியம் என்பது கோடையில்தான் விளங்கும். கோகனிக்குப் பிடித்தது 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் தண்ணீர். மேல்மட்டம் சூடேறியதும் மீன் ஆழத்துக்கு இறங்கிவிடும். அங்கே இரையைக் கொண்டுசேர்க்க டவுன்ரிகர் என்ற சாதனம் உண்டு. கம்பியில் தொங்கும் 8 அல்லது 10 பவுண்டு குண்டு கீழே இறங்கும். அதில் ஒரு கிளிப்பில் நம் நரம்பைச் செருகி, கோலை வில் போல வளைத்து நிறுத்திவிட்டு, படகை மணிக்கு ஒன்று ஒன்றரை மைல் வேகத்தில் ஓட்டுவார்கள். மீன் கொத்தியதும் நரம்பு கிளிப்பிலிருந்து விடுபடும். அந்தக் கணத்தில் நரம்பு தொய்யும். வளைந்து நின்ற கோல் நிமிர்ந்து அந்தத் தொய்வை உறிஞ்ச வேண்டும். வளையவே வளையாத கோல் எங்கிருந்து நிமிரும்? தொய்ந்த நரம்பில் மீன் முள்ளை உதறிவிட்டுப் போகும்.

கடையிலேயே சோதித்துப் பாருங்கள். கூட வந்தவரை நுனியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, நீங்கள் கைப்பிடியை மெல்ல உயர்த்துங்கள். வளைவு நுனியில் மடங்கி நிற்காமல் நடுக்கோல் வரை வழுக்கி இறங்க வேண்டும். இதைச் செய்ய விடாத கடையில் நான் வாங்குவதில்லை.

ரீலில் ஒரே ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்: டிராக். மீன் இழுக்கும்போது நரம்பை அளவாக விட்டுக்கொடுக்கும் பிரேக் அது. டிராக்கைத் தளர்த்திவிட்டு நரம்பைக் கையால் மெதுவாக இழுங்கள். முதல் அங்குலம் எப்படி வருகிறது என்று கவனியுங்கள். சிக்கி, பிறகு வெடுக்கென்று விடுகிறதென்றால், அந்த வெடுக்கில்தான் வாய் கிழியும். லைன் கவுண்டர் உள்ள சிறிய ரீல் வசதி. எத்தனை அடி நரம்பு வெளியே போயிருக்கிறது என்று காட்டும். மீன் கிடைத்த அளவுக்கே திரும்பவும் விடலாம். நரம்புக்கு நம் ஊரில் தங்கூஸ் என்று சொல்லும் நைலான் இழையே நல்லது, 8 முதல் 12 பவுண்டு வரை. அது கொஞ்சம் இழுபடும். அந்த நெகிழ்வும் மீனின் வாயைக் காக்கும். பின்னல் நரம்பு இழுபடாது.

இனி உரிமைக்கு வருகிறேன். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்கள் ஏற்றுக்கொண்டிருக்கும் வணிகச் சட்டத் தொகுப்பில், பொருள் விற்பனைக்கு எழுதாமலே கூடவரும் இரண்டு உத்தரவாதங்கள் உண்டு. முதலாவது, அந்த வகைப் பொருள் செய்ய வேண்டிய வேலையை அது செய்ய வேண்டும். ரீல் என்றால் நரம்பைச் சுற்ற வேண்டும், டிராக் பிடிக்க வேண்டும். இரண்டாவதுதான் நமக்கு முக்கியம். வாங்குபவர் எந்தத் தேவைக்கு வாங்குகிறார் என்பது விற்பவருக்குத் தெரிந்து, அவருடைய அனுபவத்தை நம்பியே வாங்குபவர் தேர்ந்தெடுக்கிறார் என்பதும் தெரிந்திருந்தால், பொருள் அந்தக் குறிப்பிட்ட தேவைக்குப் பொருந்த வேண்டும். "கோகனிக்கு" என்று நான் கேட்டு, "இதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் கொடுத்ததில் இந்த உத்தரவாதத்துக்கான அடிப்படை இருந்தது. வாய்ச்சொல்லாக இருந்ததால் நிரூபிக்க வழியில்லாமல் போனது.

அடுத்த முறை வேறொரு கடைக்கு முன்னதாகவே மின்னஞ்சல் அனுப்பினேன். டவுன்ரிகர் வைத்துக் கோகனி பிடிக்கப் போகிறேன், மீன் ஒன்று இரண்டு பவுண்டு, எந்தக் கோலும் ரீலும் பொருந்தும், உங்கள் ஆலோசனைப்படியே வாங்க நினைக்கிறேன் என்று நான்கு வரி. மாடல் பெயர்களோடு பதில் வந்தது. வாங்கினேன். கோல் அருமை, ரீலின் டிராக் இரண்டாவது வாரத்திலேயே சிக்க ஆரம்பித்தது. அந்தப் பதிலையும் ரசீதையும் எடுத்துக்கொண்டு போனேன். பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்தார்கள். ஆங்கிலத்தில் வாதாடத் தயங்கும் நம்மவர்களுக்கு இந்த நான்கு வரி பெரிய துணை.

குறை தெரிந்ததும் தாமதிக்காமல் எழுத்தில் தெரிவியுங்கள். நியாயமான காலத்துக்குள் சொல்லாவிட்டால் நிவாரணம் கேட்கும் உரிமை போய்விடலாம். ரசீதில் "உள்ளது உள்ளபடி" என்ற பொருளில் ஆஸ் ஈஸ் என்று அச்சிட்டிருந்தால் வாங்குமுன் நிதானியுங்கள்; பல மாநிலங்களில் அந்த இரண்டு சொல் எழுதாத உத்தரவாதங்களை நீக்கிவிடும்.

எழுதிய வாரண்டிக்கு 1975-ன் மேக்னசன்-மாஸ் கூட்டாட்சிச் சட்டம் இருக்கிறது. 15 டாலருக்கு மேற்பட்ட பொருளின் வாரண்டி விவரத்தை வாங்குமுன் படிக்கக் கிடைக்கச் செய்ய வேண்டும். எழுத்தில் வாரண்டி கொடுத்த நிறுவனம், எழுதாத உத்தரவாதங்களை முழுதாக மறுக்க முடியாது. எங்கள் நரம்பைப் போட்டால்தான் வாரண்டி என்று தன் சரக்கையே வாங்கும்படி கட்டாயப்படுத்துவதற்கும் பொதுவாக இடமில்லை. ஆனால் "வாழ்நாள் வாரண்டி" என்ற சொல்லில் மயங்காதீர்கள். யாருடைய வாழ்நாள், முதலில் வாங்கியவருக்கு மட்டுமா, தபால் செலவும் கையாளும் கட்டணமும் யார் தலையில் என்பதைப் படியுங்கள். தவறான பயன்பாட்டால் உடைந்தால் கிடையாது என்றும் எழுதியிருப்பார்கள். மீனை வலைக்குக் கொண்டுவரும் கடைசி நொடியில் கோலைச் செங்குத்தாகத் தூக்கி நுனியை ஒடிப்பது அதில் சேரும். காரின் கதவு இடுக்கில் ஒடிவதும் அப்படியே.

இணையத்தில் பாதி விலைக்குக் கண்ட ரீலை வாங்குவதற்குமுன், அந்தக் கடைக்கு முகவரியும் எடுத்துப் பேசும் தொலைபேசியும் இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பும் நாளைச் சொல்லாத விற்பனையாளர் பொதுவாக 30 நாளுக்குள் அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் உங்களுக்குத் தெரிவித்து, பணத்தைத் திரும்பப் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும். கிரெடிட் கார்டில் கட்டுங்கள். பொருள் வரவில்லை, அல்லது ஒப்புக்கொண்டபடி வரவில்லை என்றால், அந்தத் தொகை இடம்பெற்ற முதல் பில் அனுப்பப்பட்ட 60 நாளுக்குள் வங்கிக்குக் கடிதம் எழுதி மறுக்கலாம். கிஃப்ட் கார்டிலோ நேரடிப் பணமாற்றத்திலோ கொடுத்த காசு திரும்புவது மிகக் கடினம்.

கடையும் நிறுவனமும் கைவிரித்தால் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் நுகர்வோர் பிரிவில் புகார் செய்யலாம், செலவில்லை. அதற்கும் மேலே சிறு வழக்கு நீதிமன்றம். வாஷிங்டனில் தனிநபர் 10,000 டாலர் வரையும் கலிபோர்னியாவில் 12,500 டாலர் வரையும் வழக்கறிஞர் இல்லாமலே கேட்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் இருப்பவர்களுக்கு 5,000 டாலர் வரையான வழக்கை இணையத்திலேயே விசாரிக்கும் தீர்ப்பாயம் இருக்கிறது.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும். படகுத்துறையில் கோலை நிமிர்த்திப் பிடித்தபடி நடக்காதீர்கள். தலைக்கு மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் பாருங்கள். இடிச் சத்தம் கேட்டதும் கோலைக் கிடத்திவிட்டுக் கரைக்கு வந்துவிடுங்கள். ஈரமான கண்ணாடி இழைக் கோலையும் நம்பாதீர்கள்.

தண்ணீரின் குளிர் இன்னொன்று. கோகனி விரும்பும் அந்தக் குளிர்ந்த நீர் வசந்த காலத்தில் மேல்மட்டத்திலேயே இருக்கும். விழுந்தவரின் மூச்சு முதல் ஒரு நிமிடம் கட்டுக்குள் இருக்காது. பத்து நிமிடம் போலத்தான் கைகால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஒன்று, பத்து, ஒன்று என்று படகோட்டிகளுக்குக் கற்பிக்கிறார்கள். நீச்சல் தெரியும் என்பது அந்த முதல் நிமிடத்தில் உதவாது. உயிர்காப்புச் சட்டை உடம்பில் இருக்க வேண்டும், படகின் பெட்டிக்குள் அல்ல. வாஷிங்டனில் 19 அடிக்குக் குறைவான படகு ஓடும்போது 12 வயதும் அதற்குக் கீழும் உள்ள பிள்ளைகள் அதை அணிவது சட்டம், பெரியவர்களும் அணியுங்கள். கோல் தவறி விழுந்தால் விழட்டும். எட்டிப் பிடிக்கப் போகாதீர்கள்.

இரண்டாவது கோல் வாங்கும் ஆசை எல்லோருக்கும் வரும். வாஷிங்டன், ஒரிகன், ஐடஹோ, கலிபோர்னியாவில் ஒருவர் ஒரே நேரத்தில் இரண்டு கோல் போட, மீன்பிடி உரிமத்தோடு தனி அனுமதியும் வாங்க வேண்டும். எல்லா ஏரிகளிலும் அது செல்லவும் செல்லாது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஏரிப் படகில் தனியாக இருப்பவர் மட்டும் இரண்டு போடலாம். உரிமம் வேண்டிய வயதும் இடத்துக்கு இடம் வேறு: ஒரிகனில் 12, ஐடஹோவில் 14, வாஷிங்டனில் 15, கலிபோர்னியாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் 16. ஊரிலிருந்து வந்த அப்பா ஆசைப்படுகிறார் என்று கோலை அவர் கையில் கொடுத்து மீனைச் சுருட்டச் சொன்னால், அவரும் மீன் பிடிப்பவர்தான். அவருக்குக் குறுகிய கால உரிமம் ஒன்று எடுத்துவிடுங்கள், நிம்மதியாகப் பிடிக்கட்டும்.

விதிகள் ஏரிக்கு ஏரி, ஆண்டுக்கு ஆண்டு மாறும். பாண்டரே ஏரியில் மீன் அருகியதால் 2000-லிருந்து 2013 வரை கோகனியை எடுத்துப்போகவே தடை இருந்தது. ரெட்மண்ட், இசாக்வா பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு மிக அருகிலுள்ள சமாமிஷ் ஏரியில் வாழ்வது அந்த ஏரிக்கே உரிய கோகனி இனம். நம் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சிற்றோடைகளில்தான் அது இலையுதிர் காலத்தில் முட்டையிட வருகிறது. எண்ணிக்கை மிகவும் குறைந்துபோயிருக்கிறது. அங்கே வேறு மீனுக்குப் போட்ட தூண்டிலில் கோகனி சிக்கினால், படகுக்குள் தூக்காமல், கையை நனைத்துக்கொண்டு, தண்ணீருக்குள்ளேயே முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டும்.