சோடாப் போத்தலுக்குள் களிமண்

பிளாஸ்டிக் போத்தலிலடைத்த சோடாவொன்றைத் திறவாமலே அலுமாரியிற் பல மாதங்கள் வைத்துப் பாருங்கள். மூடி இறுக்கமாகவே இருக்கும். ஆயினும் திறக்கும்போது பழைய சீற்றம் இராது. கண்ணாடிப் போத்தலில் இவ்வாறு நேர்வதை நாம் காண்பதில்லை. அந்த வாயு எங்கே போயிற்று? போத்தலின் சுவரினூடாகவே போயிற்று.

இச் சுவர் பொலியெஸ்தர் இனத்தைச் சேர்ந்த பிளாஸ்டிக்காலானது. 1941ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வின்பீல்ட், டிக்சன் என்னும் இருவர் ஆக்கிய இப் பொருள் நாம் உடுத்தும் துணிகளிலும் உண்டு. நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் அதிற் சிக்குண்டு கிடக்கின்றன. அவற்றின் இடைவெளிகளினூடே காபனீரொட்சைட்டு மெல்ல மெல்ல நழுவிவிடுகின்றது.

இதனைத் தடுக்க அறிஞர்கள் நாடிய பொருள்களுள் ஒன்று, நம்புவீர்களோ, களிமண்! மொன்மொரிலோனைற்று என்னும் களிமண் புத்தகத்தின் தாள்கள்போல ஏடு ஏடாக அடுக்கப்பட்டது. ஓர் ஏட்டின் தடிப்பு ஏறக்குறைய 1 நனோமீற்றர். அதாவது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறுகளாக்கினால் அவற்றுள் ஒரு கூறு. ஏடுகள் யாவற்றையும் பிரித்துவிட்டால், ஒரு கிராம் களிமண்ணின் மேற்பரப்பு ஏறக்குறைய 750 சதுர மீற்றராகும். யாழ்ப்பாணத்துக் கணக்கிற் சொன்னால், மூன்று பரப்புக் காணி! ஒரு சிட்டிகை மண்ணுக்குள் ஒரு வளவே அடங்கிக் கிடக்கின்றது.

ஆதலால், சாதாரண சுண்ணத்தூளை நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு கலக்கும் இடத்தில், இக் களிமண் மூன்று முதல் ஐந்து பங்கே போதுமானது. பிளாஸ்டிக்கின் விறைப்பு மிகும். வாயுவோ நேர்வழியே செல்ல இயலாது, தேர்த்திருவிழாக் கூட்டத்திலிருந்து வெளியேற முயல்பவனைப்போல ஏடுகளைச் சுற்றிச் சுற்றியே செல்லவேண்டும்.

ஏடுகள் பிரிந்தாலன்றோ இத்தனையும்! இங்கேதான் வில்லங்கம். களிமண் நீரை விரும்புவது, பொலியெஸ்தர் விரும்பாதது. வெறுமனே கலந்தால், கூழில் மா கட்டிபடுவதுபோலக் கட்டிபட்டுவிடும். கட்டியுள்ள இடத்திலே வெடிப்புத் தொடங்கும். கலவாதிருந்ததே மேல் என்றாகிவிடும். ஆகவே, ஏடுகளுக்கிடையேயுள்ள சோடியம் அயன்களை நீக்கி, எண்ணெய்த் தன்மையுள்ள நீண்ட வாலுடைய அமோனியச் சேர்வைகளைப் புகுத்துகின்றனர். அவை ஏடுகளை விலக்கிப் பிளாஸ்டிக்குக்கு வழிவிடும்.

ஜப்பானின் டொயோட்டா ஆய்வாளர்கள் 1980களில் இத்தகைய முறையால் நைலோனில் வெற்றி கண்டனர். ஆனால் அந்த நைலோன் ஏறக்குறைய 220 பாகை சென்ரிகிரேட்டில் உருகும். போத்தற் பொலியெஸ்தருக்கோ 250 பாகைக்கு மேல் வேண்டும். அமோனிய வால்கள் 200 பாகையைத் தாண்டியதும் சிதையத் தொடங்குகின்றன. பிளாஸ்டிக் மஞ்சளாகின்றது, அதன் சங்கிலிகளும் அறுகின்றன. போதாக்குறைக்கு, களிமண் ஏடுகள் பொலியெஸ்தர் பளிங்குருவாவதை விரைவுபடுத்துவதால் போத்தல் மங்கலாவதும் உண்டு. அதன் இழுபடுந் தன்மையும் குறையும். கீழே விழுந்தால் உடையாது என்பதற்காகவன்றோ நாம் கண்ணாடியைக் கைவிட்டோம்!

எனவே, அமோனியத்துக்குப் பதிலாக, கூடிய வெப்பத்தைத் தாங்கும் இமிடசோலியம், பொசுபோனியம் சேர்வைகளை ஆய்வாளர்கள் ஏடுகளிடையே இட்டுப் பரிசோதித்துள்ளனர்.