கம்ப்யூட்டருக்குள்ளே தண்ணீர்க் குழாய்!

தண்ணீரும் மின்சாரமும் சேரக் கூடாது என்பது எல்லா வீட்டிலும் குழந்தைக்குச் சொல்லித் தரும் பாடம். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டால் முதுகில் ஒன்று விழும். அதே பிள்ளை வளர்ந்து ஆளாகி, லட்ச ரூபாய்க் கம்ப்யூட்டருக்குள் நானே தண்ணீர் விட்டு ஓட்டப் போகிறேன் என்று நின்றால் தகப்பனாருக்கு எப்படி இருக்கும்?

செகந்திராபாத் பார்க் லேனில் உள்ள செனாய் டிரேட் சென்டரின் படிகளை இந்தக் கவலையோடு ஏறுகிற தகப்பன்மார்கள் உண்டு. மாடிக்கு மாடி கம்ப்யூட்டர் சாமான் கடைகள். பெட்டி ஒரு கடையில், மதர்போர்டு இன்னொரு கடையில் என்று அலைந்து, அரைகுறைத் தெலுங்கிலும் அரைகுறை ஹிந்தியிலும் பேரம் பேசி வாங்க வேண்டும். வங்கிக் கடனோ பி.எஃப். முன்பணமோ போட்டு வாங்கும் பொருள் என்றால் கேள்விகள் அதிகமாவது நியாயமே.

எதற்கு இந்த வம்பு?

1980-களில் வந்த மேஜைக் கம்ப்யூட்டர்களின் சிப்புக்குத் தனி விசிறி தேவைப்படவில்லை. இன்று நிலைமை வேறு. 2022-ல் வெளிவந்த இன்டெல் ஐ9-13900கே என்ற சிப் முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். அதே ஆண்டு வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 என்ற கிராபிக்ஸ் கார்டு 450 வாட். இரண்டும் சேர்ந்தால் 700 வாட். வீட்டு இஸ்திரிப் பெட்டியே 750 வாட்தான்! அந்த உஷ்ணத்தை வெளியே தள்ளாவிட்டால் சிப் எரிந்து போகாது. தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எட்டு மணி நேர வேலை பத்து மணிக்கு நீளும்.

ஹைதராபாத்தில் சினிமா கிராபிக்ஸ் தொழில் பெருகியிருக்கிறது. அதில் வேலை தேடும் பையன்களுக்கு இந்த இயந்திரம் விளையாட்டுச் சாமான் அல்ல. சில விநாடிக் காட்சியைக் கணக்கிட இரவு முழுவதும் ஓட விட வேண்டும். வீடோ ஒற்றை அறைப் போர்ஷன். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா அதே அறையில் தூங்க வேண்டும். சிறிய விசிறிகள் முழு வேகத்தில் சுழன்றால் அறை முழுவதும் இரைச்சல். பெரிய பெட்டி வாங்கலாமென்றால் வைக்க இடமில்லை. ஆகவேதான் சிறிய பெட்டி, ஆகவேதான் தண்ணீர்.

சிறியது என்றால் எவ்வளவு? 17 சென்டிமீட்டர் சதுர மதர்போர்டு. எல்லாம் அடங்கிய பெட்டி 20 லிட்டருக்கும் குறைவு. வாசலில் வந்து இறங்கும் குடிதண்ணீர் கேன் அளவுதான்.

டீசல் எஞ்சின் தத்துவம்

மௌலாலி டீசல் ஷெட்டில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. எஞ்சினைச் சுற்றி ஓடும் தண்ணீர் உஷ்ணத்தை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகிறது; அங்கே விசிறி அதை ஆற்றி அனுப்புகிறது. இங்கேயும் அதே. சிப்பின் தலைமேல் செம்பு பிளாக், ஒரு சிறு பம்ப், ரேடியேட்டர், இணைக்கும் குழாய்கள். நிமிஷத்துக்கு 1 லிட்டர் ஓடும் தண்ணீர், 1 டிகிரி மட்டும் சூடேறினாலே சுமார் 70 வாட் உஷ்ணத்தைச் சுமந்து சென்றுவிடும்.

இது புதிய யோசனையும் அல்ல. 1960-களிலேயே ஐ.பி.எம். தன் பெரிய இயந்திரங்களுக்குத் தண்ணீர்க் குழாய் போட்டது. 1985-ல் வந்த கிரே-2 சூப்பர் கம்ப்யூட்டரின் சர்க்யூட்டுகள் மின்சாரம் கடத்தாத ஒரு திரவத்துக்குள்ளேயே மூழ்கிக் கிடந்தன. நம் திருச்சி என்.ஐ.டி.யில் 2022 மே மாதம் திறக்கப்பட்ட பரம் பொருள் சூப்பர் கம்ப்யூட்டரும் திரவத்தால் குளிர்விக்கப்படுவதுதான்.

ஆனால் சிறிய பெட்டியில் ஆசைக்கும் ஓர் அளவு உண்டு. 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று மாட்டும் ரேடியேட்டர் பரப்புக்கு 100 முதல் 150 வாட் என்பது கட்டுகிறவர்களின் கணக்கு. கேன் அளவுப் பெட்டியில் இரண்டு விசிறி ரேடியேட்டர் ஒன்று அடங்கும். மிஞ்சிப் போனால் இரண்டு. 700 வாட்டை அதில் திணிப்பது அறிவீனம். 65 வாட் சிப்பும் 200 வாட் கார்டும் என்றால் ஒரே ரேடியேட்டர் தாங்கும், விசிறியும் மெதுவாகச் சுழலும். அதற்குக் காற்றே போதாதா என்று அப்பா கேட்டால், பெரும்பாலும் போதும் என்பதுதான் நேர்மையான பதில். சில ஆயிரத்தில் முடியும் விஷயத்துக்குப் பல மடங்கு கொடுப்பது அந்த நிசப்தத்துக்காகத்தான்.

விடிய விடியக் காவல்

வாங்கும்போது முக்கியமாகப் பார்க்க வேண்டியது உலோகம். பிளாக் செம்பு என்றால் ரேடியேட்டரும் செம்பு, பித்தளையாகவே இருக்க வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று அலுமினியத்தைக் கலந்தால், ஒரே தண்ணீரில் இரு உலோகம் சேர்ந்து பேட்டரி போலாகி அலுமினியம் அரித்துவிடும்.

அடுத்தது தண்ணீர். ஹைதராபாத் போர்வெல் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவதைத் தினமும் பார்க்கிறோம். பிளாக்கின் உள்ளே இருக்கும் மயிரிழை இடைவெளிகள் அதில் அடைத்தே போகும். டிஸ்டில்ட் வாட்டர்தான் ஊற்ற வேண்டும். பாசி பிடிக்காமலிருக்க அதற்கான மருந்தும் சில துளி. ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

பெட்டியின் மேல்புறம் நிரப்ப ஒரு வழி, அடியில் வடிக்க ஒரு வழி என்று முதலிலேயே திட்டமிட வேண்டும். இதை மறந்து கட்டியவர்கள் பிறகு பெட்டியையே தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டு நிற்பார்கள்.

பிறகு சோதனை. மற்ற எதற்கும் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓட விட வேண்டும். ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ பேப்பர். இருபத்து நாலு மணி நேரம். எழுந்து எழுந்து பேப்பரைத் தொட்டுப் பார்ப்பதில் அன்றிரவு யாருக்கும் சரியான தூக்கமிராது. ஒரு மூலை ஈரமானாலும் பிரித்து மறுபடி முதலிலிருந்து. தண்ணீர் ஒழுகிக் கார்டு போனால் வாரண்டி கிடைப்பது அரிது என்பதால் இந்தப் பொறுமை வேண்டும். அவ்வளவு துணிவில்லாதவர்களுக்குத் தொழிற்சாலையிலேயே நிரப்பி மூடி வரும் செட்டுகள் இருக்கின்றன. அவற்றை மாட்டுவதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் உஷ்ணத்தை அழிப்பதில்லை, இடம் மாற்றுகிறது, அவ்வளவே. மே மாதத்தில் அறை 40 டிகிரி என்றால் தண்ணீர் அதற்குக் கீழே இறங்காது. பெட்டியிலிருந்து வெளியேறும் உஷ்ணம் முழுவதும் அந்த ஒற்றை அறைக்குள்தான் இறங்கும். சத்தமில்லாமல் தூங்கலாம், புழுக்கத்துக்கு ஜன்னலைத் திறந்துதான் ஆக வேண்டும். திறந்தால் தூசி வந்து ரேடியேட்டர் இடுக்குகளில் அடையும். மாதம் ஒரு முறை பிரஷ்ஷால் தட்டிவிடலாம்.

விடுமுறைக்கோ, மாற்றலாகியோ ஊருக்குப் போகிறபோது பெட்டியைச் சார்மினார் எக்ஸ்பிரஸில் மடியில் வைத்துக்கொண்டு போகலாமே என்றுதான் சிறியதாகக் கட்டுகிறார்கள். போகலாம். ஆனால் முதல் நாளே தண்ணீரை முழுவதும் வடித்துவிட வேண்டும். ஊரில் இறங்கியதும் புதிதாக டிஸ்டில்ட் வாட்டர் வாங்கி ஊற்றி, இணைப்புகளின் கீழே பேப்பர் வைத்து, மறுபடியும் ஒரு நாள் காவல் இருக்க வேண்டும்.