ஊசிப்பையை ஒளிக்கும் பிள்ளைகள்

விடுமுறைக்குக் கிராமத்துக்குப் போன பிள்ளையை, நாக்கு வறண்டு, கண்கள் குழிந்து, மூச்சு இரைக்கும் நிலையில் தோளில் சாய்த்துக்கொண்டு ஓடிவரும் தகப்பன்மாரைப் புதுச்சேரியில் குழந்தை வைத்தியம் பார்க்கும் எங்களில் எவரும் ஆண்டுதோறும் காணாமல் இருப்பதில்லை. பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவு என்பது அவர்கள் அறியாத விஷயமன்று. நேற்றுவரை இன்சுலின் போட்டுக்கொண்டிருந்த பிள்ளைதான் அது. உறவினர் ஒருவர், இன்ன ஊரில் ஒருவர் பொடி கொடுக்கிறார், ஒரு மண்டலம் சாப்பிட்டால் சர்க்கரை வேரோடு போய்விடும் என்று சொல்லியிருப்பார், ஊசி நின்றிருக்கும், சில நாட்களில் வாந்தியும் வயிற்றுவலியும் தொடங்கியிருக்கும், அதற்கும் அஜீரணம் என்று ஓமத்தண்ணீரும், திருஷ்டி என்று மந்திரிப்பும் நடந்து முடிந்த பிறகே எங்களிடம் வந்து சேர்ந்திருப்பார்கள்.

இதே வியாதியின் இன்னொரு முகத்தையும் காண்கிறோம். அது சத்தமில்லாதது. எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமி, பென்சில் டப்பாவில் அடிமட்டத்துக்குக் கீழே ஊசிப்பேனாவை மறைத்து வைத்து, பள்ளிக் கழிப்பறையின் தாழ்ப்பாள் இல்லாத கதவை ஒரு காலால் அழுத்திக்கொண்டு, மற்ற காலில் நின்றபடி மதியத்து மருந்தைப் போட்டுக்கொள்வதாகத் தாயிடம்கூடச் சொல்லாததை என்னிடம் சொன்னாள். கொஞ்ச நாளில் அந்த மதிய ஊசியை அவள் விட்டேவிட்டாள். பொடியை நம்பிய தகப்பனையும், ஊசியை ஒளித்த மகளையும் வாட்டுவது ஒன்றுதான்: இந்த வியாதியோடு நன்றாக வாழும் இன்னொரு பிள்ளையை அவர்கள் கண்ணால் கண்டதில்லை. மருந்துச் சீட்டில் எழுதித் தீர்க்க முடியாத இந்தக் குறையைத் தீர்ப்பதற்கென்றே நோயுற்ற குழந்தைகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தாருக்கும் உரிய முகாம்கள் ஏற்பட்டன.

பொடி ஏன் பலித்ததுபோல் தோன்றுகிறது

முகாமைப் பற்றிப் பேசுமுன் இந்தப் பொடி விவகாரத்தை முடித்துவிட வேண்டும். முதல் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்பட்டு இன்சுலின் தொடங்கிய சில வாரங்களில், கணையத்தில் மிஞ்சியுள்ள அணுக்கள் சற்று ஆசுவாசம் பெற்று மறுபடி சுரக்கத் தொடங்குவதால், பல பிள்ளைகளுக்கு மருந்தின் தேவை வெகுவாகக் குறைந்து, சிலருக்கு அநேகமாக வேண்டாத அளவுக்கே இறங்கிவிடும். வைத்தியர்கள் இதை ஹனிமூன் காலம் என்பார்கள். சில மாதங்களிலோ, அபூர்வமாக ஓராண்டு கடந்தோ, அது முடிந்தே தீரும். அந்த இடைவேளையில் எதைக் கொடுத்தாலும், சிறுகுறிஞ்சான் ஆனாலும், ஆவாரம்பூ ஆனாலும், பாகற்காய்ச் சாறு ஆனாலும், வெறும் வெந்நீரே ஆனாலும், கொடுத்தவருக்குக் கீர்த்தி வந்து சேர்கிறது. கீர்த்தி பெற்றவர், பிள்ளை மயங்கி விழும்போது கூட வருவதில்லை.

தாத்தாவுக்குக் கொடுத்த சர்க்கரை மாத்திரையில் பாதியை உடைத்துப் பேரனுக்குக் கொடுப்பவர்களையும் கண்டிருக்கிறேன். பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகை வேறு, இது வேறு. சுரப்பே இல்லாத உடம்பில், இருக்கிற சுரப்பைத் தூண்டும் மாத்திரை என்ன செய்ய முடியும்? இவற்றையெல்லாம்விடக் கொடிய தவறு ஒன்று உண்டு. பிள்ளை காய்ச்சலால் சாப்பிடவில்லை, ஆகையால் ஊசியும் வேண்டாம் என்று தாய்மார் தாமே தீர்மானித்து நிறுத்திவிடுவது. காய்ச்சலின்போது உடம்புக்கு இன்சுலின் பெரும்பாலும் கூடுதலாகவே வேண்டியிருக்கும். அளவை மாற்றலாம், அதுவும் வைத்தியரைக் கேட்டு. அடியோடு நிறுத்துவது பிராணாபாயம்.

நூறாண்டு கண்ட ஏற்பாடு

டொராண்டோ நகரில் 1921-இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டு, 1922 ஜனவரியில் லியோனார்ட் தாம்ப்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதற்குமுன் பட்டினிப் பத்தியத்தில் எலும்பும் தோலுமாகிச் சில காலத்தில் இறந்துபோன பிள்ளைகள், இனி உயிரோடு இருப்பார்கள் என்று ஆனவுடனேயே, எப்படி வாழ்வார்கள் என்ற கேள்வியும் பிறந்துவிட்டது. 1925-இலேயே அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் லியோனார்ட் வென்ட் என்னும் வைத்தியர் நீரிழிவுக் குழந்தைகளுக்கு முகாம் நடத்தினார். பிரான்சில் பேராசிரியர் ஹென்றி லெஸ்ட்ராதே 1956-இல் ஸ்தாபித்த இளம் நீரிழிவு நோயாளர் உதவிச் சங்கம் இன்றளவும் விடுமுறை முகாம்களை நடத்திவருகிறது. புற்றுநோயும் இரத்த வியாதிகளும் உள்ள குழந்தைகளுக்காக நடிகர் பால் நியூமன் 1988-இல் கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய முகாமும், அதன் வழியில் உலகின் பல தேசங்களில் கிளைத்தவையும் வேறு.

நம் ஊரில் பிரெஞ்சுப் படையில் சேவித்தவர்களின் வழிவந்த சொல்தா குடும்பங்கள் உண்டல்லவா? அப்படி ஒரு வீட்டில், பாரிஸிலிருந்து விடுமுறைக்கு வந்த பேரன் இன்சுலின் பம்பை இடுப்பில் எல்லாரும் பார்க்க மாட்டிக்கொண்டு கடற்கரைச் சாலையில் ஓடியாட, அதே வியாதியுள்ள அவனுடைய மாமன் மகள் இங்கே முத்தியால்பேட்டையில் ஊசி நேரத்துக்கு அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். இருவர் உடம்பிலும் ஓடுவது ஒரே இரத்தம். வித்தியாசம், அவன் ஆண்டுதோறும் தன்னைப்போன்ற பிள்ளைகளோடு ஒரு வாரம் கூடி இருந்துவிட்டு வருகிறவன் என்பதே.

நம்மவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை. நாகபுரியில் ட்ரீம் அறக்கட்டளை, பெங்களூரில் சமத்வம், கோயம்புத்தூரில் இதயங்கள் அறக்கட்டளை போன்றவை ஏழைப் பிள்ளைகளுக்கு இன்சுலினும் பயிற்சியும் அளித்துவருகின்றன. 1823-இல் பிரெஞ்சுக்காரர் தொடங்கிய வைத்தியப் பள்ளியின் வழியில் வந்த ஜிப்மர் மருத்துவமனையைத் தேடி விழுப்புரம், கடலூர், திருவண்ணாமலை ஜில்லாக்களிலிருந்து தினந்தோறும் ஜனங்கள் வந்து குவியும் இந்த ஊரில், இத்தகைய முகாம்கள் பெருக வேண்டியது எவ்வளவு அவசியம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முகாமில் நடப்பது

வைத்தியர்கள் சிலர் கூடி இங்கே நடத்திய ஒரு நாள் முகாமில், மதியம் இலை போடுமுன் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து விரல் நுனியைக் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கல்லூரியில் படிக்கும் இளைஞன் ஒருவன், சட்டையைச் சற்றே தூக்கி, பக்கத்தில் இருப்பவனோடு கிரிக்கெட் பேசிக்கொண்டே வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டதை, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் வாய் பிளந்து பார்த்தான்.

"அண்ணா, வலிக்கலியா?"

"உனக்கு எங்க போடுவாங்க?"

"கையில. அம்மாதான் போடும்."

"எப்பவும் அதே கையிலயா? எங்க, காட்டு."

இளைஞன் பையனுடைய இடக்கையைத் தடவிப் பார்த்து, மேற்பக்கம் கெட்டியாகத் திரண்டிருந்ததைக் காட்டி எங்களை அழைத்தான். ஒரே இடத்தில் தொடர்ந்து போட்டால் தோலுக்கடியில் கொழுப்பு திரண்டு, அங்கே போடும் மருந்து ஒரு நாள் ஏறும், ஒரு நாள் ஏறாது. பையனுக்குச் சர்க்கரை காரணமின்றி ஏறி இறங்கியதன் காரணம் அதுதான். வெளிநோயாளர் பிரிவில் சில நிமிஷங்களில் எங்கள் கண்ணுக்குத் தப்பிய கட்டி, சக நோயாளியின் விரலுக்குத் தப்பவில்லை. அன்று மாலைச் சிற்றுண்டிக்கு முன் அந்தப் பையன், கை நடுங்க, தன் தொடையில் தானே முதல் ஊசியைப் போட்டுக்கொண்டான்.

தாய்மார்களின் பக்கத்தில் வேறு பாடம் நடந்தது. குளிர்பதனப்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினைக் காப்பதற்கு, பெரிய மண்பானைக்குள் ஈரமணல் பரப்பி, அதில் சிறிய பானையை வைத்து, புட்டியை உறையிலிட்டு அதனுள்ளே வைத்து மூடிவிடும் முறையைப் பாகூரிலிருந்து வந்த ஓர் அம்மாள் மற்றவர்களுக்கு மணலை அளந்து காட்டிச் சொல்லிக்கொடுத்தார். சித்திரை வெயிலிலும் தன் வீட்டுப் பானை குளுகுளுவென்று இருப்பதாக அவர் சொன்னபோது, நாங்கள் அச்சிட்டுக் கொடுத்த துண்டுப் பிரசுரத்தை யாரும் புரட்டவில்லை.

விளையாட்டின் நடுவே ஒரு சிறுமிக்கு நெற்றி வேர்த்துக் கை நடுங்கியதை வைத்தியருக்கு முன்பே தோழி கண்டுகொண்டு, மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று கடிகாரத்தையும் பார்த்துக்கொண்டாள். தம்பிக்கே எல்லாக் கவனமும் போய்விட்டதென்று வருஷக்கணக்காக மனத்தில் புழுங்கிய அக்காள்மார்களுக்கும் அண்ணன்மார்களுக்கும் தனியே ஓர் அமர்வு உண்டு. அதில் அழாதவர் குறைவு.

வீட்டில் சொல்லப்படும் தடைகள்

வியாதிக்காரப் பிள்ளைகளை ஒன்றாகக் கூட்டினால் மனம் உடைந்துபோகும் என்கிறார்கள். நான் கண்டது நேர்மாறு. தன் வியாதி உலகத்தில் தனக்கு மட்டுமே வாய்த்த சாபம் என்று எண்ணும் பிள்ளைதான் உடைகிறது. தொற்றிக்கொள்ளும் என்கிறார்கள். நீரிழிவும், இரத்த வியாதிகளான ஹீமோபீலியாவும் தலசீமியாவும், புற்றுநோயும் கூடி உட்கார்வதால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு வருவன அல்ல. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கும் குழந்தைக்கு மட்டும் எதிர்ப்புச் சக்தி குன்றியிருக்குமாகையால், கூட்டத்துக்கு எப்போது வரலாம் என்பதைச் சிகிச்சை தரும் வைத்தியரே நிர்ணயிக்க வேண்டும். அதை மீறி அழைத்து வரவும் கூடாது, அதையே சாக்காக வைத்து என்றைக்கும் வராமல் இருக்கவும் கூடாது.

பெண் பிள்ளையைப் பெற்றவர்கள், ஊருக்குத் தெரிந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அந்தப் பயத்தை நான் அலட்சியம் செய்யவில்லை. அது நம் சமூகம் அவர்கள் தலையில் சுமத்தியது. ஆனால் ஒளித்து வைத்த வியாதி கவனிக்கப்படாத வியாதியாகி, இருபத்தைந்து வயதுக்குள் கண்ணையும் சிறுநீரகத்தையும் தொட்டுவிட்டால், எந்தக் கல்யாணத்தைக் காப்பாற்றினோம்? ஒழுங்காக மருந்து போட்டு, மணமாகி, பிள்ளை பெற்ற பெண்களை முகாமுக்கு அழைத்துப் பேசவைப்பதற்குக் காரணமே இந்தத் தாய்மார்கள் அவர்களை நேரில் பார்க்க வேண்டும் என்பதுதான்.

மிட்டாய் தின்று வந்தது என்ற பழி குழந்தையின்மேல் விழுகிறது. இந்த வியாதி, உடம்பின் காவல் சக்தியே கணையத்து அணுக்களைப் பகையென்று எண்ணி அழிப்பதால் வருவது. மிட்டாய்க்கும் தாயின் வளர்ப்புக்கும் அதில் பங்கில்லை. இன்சுலின் பழகினால் விடாது என்பதும் வீண் அச்சம். மற்றவர் உடம்பில் தானே சுரப்பதைத்தான் இந்தப் பிள்ளைக்கு வெளியிலிருந்து கொடுக்கிறோம்.

பரிசோதனை

வீட்டில் குளுக்கோமீட்டர், மூன்று மாதத்துக்கு ஒருமுறை சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. இரத்தப் பரிசோதனை, வைத்தியர் சொல்லும் காலத்தில் கண்ணும் சிறுநீரும்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது

இந்த வியாதி வராமல் தடுக்க வழியில்லை. மயங்கிய நிலையில் வந்து சேருவதைத் தடுக்கலாம். படுக்கையில் சிறுநீர் போவதை விட்டிருந்த பிள்ளை மறுபடி போகத் தொடங்கினால், ஓயாமல் தண்ணீர் கேட்டால், நன்றாகத் தின்றும் இளைத்தால், சிறுநீரில் எறும்பு மொய்த்தால், அன்றைக்கே ஒரு துளி இரத்தத்தில் சர்க்கரை பார்த்துவிடுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள். முன்பே வியாதி உள்ள பிள்ளைக்கு வாந்தியோ, ஆழ்ந்த மூச்சோ, வாயில் பழவாடையோ கண்டால், ஓமத்தண்ணீருக்கு அடுப்பு மூட்டாமல் ஆட்டோவைப் பிடியுங்கள். ஊசியை மட்டும், யார் சொன்னாலும், எந்த நம்பிக்கையிலும், நிறுத்தாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கவும் நான் தயார்.

முகாம் நடக்கிறது என்று உங்கள் வைத்தியர் சொன்னால், கூலி போகிறதே என்று தயங்காமல் ஒரு நாள் ஒதுக்குங்கள். தாய் மட்டும் வராமல் தகப்பனும் வரட்டும். ஊசி போடத் தெரிந்தவர் வீட்டில் ஒருவரே என்றால், அவருக்குக் காய்ச்சல் வந்த அன்று பிள்ளையின் கதி என்ன? இன்சுலினை வண்டிப் பெட்டியிலோ பேருந்து ஜன்னலோரத்திலோ வைக்காமல் ஈரத்துணி சுற்றிய உறையில் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு விண்ணப்பம்: அந்தப் பிள்ளைக்கு முகாம் நாளில் விடுப்புக் கொடுங்கள், மற்ற நாட்களில் ஊசி போட, தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையையும், அலுவலக அலமாரியில் ஒரு டப்பாச் சர்க்கரையையும் கொடுங்கள்.